ஆயரும் இல்லை, கோயிலும் இல்லை: 1580-க்குப் பிறகு ஹாலந்தில் கத்தோலிக்கப் பங்கு வாழ்வு எப்படி மறுபடி எழுந்தது?

#1 வடகடல்

உட்ரெக்ட் பேராயர் ஃபிரெடெரிக் ஸ்கெங்க் 1580 ஆகஸ்ட் 25 அன்று இறந்தார். அதற்கு இரண்டு மாதம் முன்பே அந்த நகரில் பொது இடத்தில் பூசை வைக்கத் தடை வந்துவிட்டது. ஆம்ஸ்டர்டாமில் 1578 மே 26 அன்றே நகர ஆட்சி கைமாறி, பங்குக் கோயில்கள் சீர்திருத்த சபைக்கு, அதாவது கால்வின் வழி வந்த புரொட்டஸ்தாந்து சபைக்கு, போயிருந்தன. 1559-ல்தான் ரோம் உட்ரெக்டைப் பேராயர் பீடமாக்கி, ஹார்லெம், டெவெந்தர், க்ரோனிங்கன், லேவார்டன், மிடெல்பர்க் ஆகிய ஐந்து மறைமாவட்டங்களை அதன்கீழ் வைத்திருந்தது. அந்த அமைப்பு வேரூன்றும் முன்பே சாய்ந்தது.

ஆனால் 1853-ல் ஆயர் ஆட்சி திரும்பியபோது நெதர்லாந்து மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கத்தோலிக்கர். தெற்கே பிரபாந்து, லிம்பர்க் பகுதிகள் எப்போதும் கத்தோலிக்கமாகவே இருந்தவை, அவற்றைக் கழித்துவிடுங்கள். அப்படியும் ஹாலந்து, உட்ரெக்ட் மாநிலங்களில் நிறையப் பேர் மிஞ்சுகிறார்கள். நடுவில் கிட்டத்தட்ட 270 ஆண்டுகள்.

இதைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் "விசுவாசத்தால் தாக்குப்பிடித்தார்கள்" என்று முடித்துவிடுகிறார்கள். விசுவாசம் இருந்த ஊர்களிலும் திருச்சபை அடியோடு மறைந்திருக்கிறது. எனக்குத் தெரிய வேண்டியது வேலை நடந்த விதம். குரு எங்கிருந்து வந்தார், அவருக்குச் சோறு போட்டது யார், ஆயர் அர்ச்சித்துத் தர வேண்டிய கிறிஸ்மா எண்ணெய் எப்படிக் கிடைத்தது, கல்யாணம் எங்கே நடந்தது? தெரிந்தவர்கள் விரிவாக எழுதுங்கள்.

#2 கல்வெட்டு

முதலில் அதிகாரம். சாஸ்பவுட் வோஸ்மேர், டெல்ஃப்ட்காரர். பேராயர் இறந்த மூன்றாம் ஆண்டு, 1583-ல், உட்ரெக்டின் முதன்மைக் குருவானார். 1592-ல் திருத்தந்தை எட்டாம் கிளமெண்ட் அவரை அப்போஸ்தலிக்க விகாராக நியமித்தார். அதாவது திருத்தந்தையின் பெயரால் ஆளுகிறவர். ஆனால் அப்போதும் அவர் ஆயர் அல்ல. 1602-ல் ரோமில்தான் ஆயர் திருநிலை கிடைத்தது, அதுவும் "பிலிப்பி பேராயர்" என்ற பட்டத்தில். உட்ரெக்ட் பேராயர் என்று ஏன் போடவில்லை? 1559 ஏற்பாட்டின்படி உட்ரெக்டுக்குப் பெயர் முன்மொழியும் உரிமை ஸ்பெயின் அரசருடையது. அந்த அரசரோடுதான் டச்சுக் குடியரசு போரில் இருந்தது. உட்ரெக்ட் என்ற பெயரைத் தொட்டால் இரண்டு பக்கமும் சிக்கல். எங்கோ கிரேக்க மண்ணில் பெயரளவில் மட்டும் மிஞ்சிய ஒரு பழைய பீடத்தைக் கொடுத்தார்கள்.

இந்தச் சின்ன ஏற்பாட்டை மனதில் வையுங்கள். 120 ஆண்டு கழித்து வெடித்த பிளவுக்கு விதை இதில்தான் இருக்கிறது. பிறகு வருகிறேன்.

இரண்டாவது, குருக்கள். பழைய குருக்கள் வயதாகி இறந்துகொண்டே இருந்தார்கள். உள்நாட்டில் குருமடம் நடத்த வழியில்லை. வோஸ்மேர் நாடுகடத்தப்பட்டு கொலோனில் உட்கார்ந்திருந்தார், 1614-ல் அங்கேயே இறந்தார். ஆனால் அந்தக் கொலோனில் 1602-லேயே ஒரு குருமடத்தைத் தொடங்கிவிட்டார். அடுத்து வந்த பிலிப்பஸ் ரொவேனியஸ் 1617-ல் லூவேனில் இன்னொன்று. எல்லைக்கு அந்தப் பக்கம் படிப்பு, இந்தப் பக்கம் பணி.

இதில் ஒரு நடைமுறை விவரம் பெரும்பாலும் விட்டுப்போகிறது. திருச்சட்டப்படி, ஒருவரைக் குருவாக்க அவருக்குப் பிழைப்புக்கான வழி உறுதியாக இருக்க வேண்டும். வழக்கமாக அது பங்கு மானியம். இங்கே மானியங்கள் எல்லாம் பறிபோய்விட்டன. அதனால் குடும்பச் சொத்தைக் காட்டித்தான் பலரும் திருநிலை பெற்றார்கள். விளைவு, குருக்கள் பெரும்பாலும் வசதியான நகரக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்கள் இருக்க விரும்பியதும் நகரத்தில்தான். கிராமங்கள் காய்ந்தன. ஒரு ஊரில் 1620 வாக்கில் நிலையாக ஒரு குரு தங்கியிருந்தாரா இல்லையா என்பதுதான் அந்த ஊர் பின்னாளில் எந்தப் பக்கம் நின்றது என்பதைப் பெருமளவு தீர்மானித்தது என்பது என் முடிவு. லெய்டன் பக்கத்து வார்மொண்ட் நல்ல உதாரணம். ஊரின் பிரபுக் குடும்பம் கத்தோலிக்கம், குருவுக்கு வீடு இருந்தது, ஊரும் கத்தோலிக்கமாகவே நின்றது.

#3 பீடக்கல்

வடகடல் கேட்ட பொருள்கள் விஷயத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு வீட்டில் பூசை வைக்க, குருவின் பையில் இவ்வளவும் வேண்டும். பீடக்கல், திருக்கிண்ணம், அப்பத்தட்டு, மேந்துகில், பீடத்துக்கு மூன்று துணி விரிப்பு, திருவுடைகள், பூசைப் புத்தகம், தேன்மெழுகு வத்தி இரண்டு, திராட்சை ரசம், புளிக்காத கோதுமை அப்பம், ஒரு சிறு சிலுவை.

இதில் கடையில் வாங்க முடியாதவை இரண்டு. பீடக்கல் என்பது அப்பமும் கிண்ணமும் வைக்கிற அளவுள்ள தட்டைக் கல். ஐந்து சிலுவைக் குறி செதுக்கி, நடுவில் சிறு குழியில் புனிதரின் திருப்பண்டம் (உடல் எச்சம்) வைத்து மூடி, ஆயர் அர்ச்சிக்க வேண்டும். கிண்ணத்தையும் ஆயர்தான் கிறிஸ்மா பூசி அர்ச்சிப்பார். ஆயர் இல்லாத நாட்டில் இவை இரண்டும் தங்கம் மாதிரி. கல் குறிப்பிடத்தக்க அளவு விரிசல் விட்டாலோ, திருப்பண்டக் குழியின் மூடி பெயர்ந்தாலோ அர்ச்சிப்பு போய்விடும். சாக்கில் போட்டுப் படகில் ஊர் ஊராகக் கொண்டுபோகிற கல்லுக்கு இது நேராமல் இருக்குமா?

கிண்ணத்தில் ஒரு நுட்பம். பயணக் கிண்ணங்களின் தண்டு திருகு வைத்துச் செய்யப்பட்டிருக்கும். கழற்றினால் மேல்கோப்பை ஒரு பக்கம், பாதம் ஒரு பக்கம், சின்னப் பெட்டியில் அடங்கும். மறைக்க வசதி என்பது ஒரு காரணம். இன்னொன்று சட்டம். பற்றவைத்த கோப்பை பாதத்திலிருந்து முறிந்தால் அர்ச்சிப்பு போகும், மறுபடி ஆயரிடம் போக வேண்டும். திருகுக் கிண்ணத்தை எத்தனை முறை கழற்றினாலும் போகாது.

ரோமுக்கு இந்தச் சிக்கல்கள் தெரியும். 1622-ல் தொடங்கிய விசுவாசப் பரப்புதல் பேராயம், அதாவது மறைபணியைக் கவனிக்கும் ரோமின் துறை, 1630-களில் மறைபணியாளர்களுக்கான அதிகாரப் பட்டியலை ஒழுங்குபடுத்தியது. அதில், தேவைப்பட்டால் ஒரே நாளில் இரண்டு பூசை வைக்கலாம், விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பும் நண்பகலுக்கு ஒரு மணி நேரம் பின்பும் வைக்கலாம், திறந்த வெளியிலோ நிலத்தடியிலோ வைக்கலாம், பீடக்கல் உடைந்திருந்தாலும் திருப்பண்டம் இல்லாவிட்டாலும் வைக்கலாம் என்றெல்லாம் இருக்கிறது. இந்த வரிகளைப் படித்தால் எங்கெங்கே என்னென்ன உடைந்தது என்று தெரிந்துவிடும்.

எண்ணெய் தனிக் கதை. பெரிய வியாழனன்று ஆயர் மட்டுமே அர்ச்சிக்க முடியும், ஒவ்வோர் ஆண்டும் புதிது வேண்டும். அண்டை நாட்டு ஆயர்களிடமிருந்துதான் வந்தாக வேண்டும். விகார் ஆயரான பிறகுதான் இது உள்நாட்டிலேயே முடிந்தது. உறுதிப்பூசுதலும் அப்படித்தான். ஒரு தலைமுறையே அது இல்லாமல் வளர்ந்திருந்தது. ஆயர் ஓர் ஊருக்கு வந்தால் குழந்தைகளோடு தாய் தகப்பனும் வரிசையில் நிற்க வேண்டிய நிலை.

#4 மரக்கலம்

பீடக்கல் அவர்களே, அருமை. ஆனால் ஒரு சந்தேகம். ஆம்ஸ்டர்டாமில் பரண்மேல் கோயில் இருக்கிறது, 150 பேர் உட்காரலாம் என்கிறார்கள். ஞாயிறுதோறும் 150 பேர் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தெரியாதா? இதை "ரகசியக் கோயில்" என்று எப்படிச் சொல்வது?

#5 வடகடல்

தெரியும். எல்லோருக்கும் தெரியும். ரகசியம் என்ற சொல்லே தவறான படத்தைத் தருகிறது. வீட்டுக்கோயில் என்று சொல்வதே பொருத்தம். தெருவுக்குக் கோயிலாகத் தெரியக் கூடாது என்பதுதான் விதி.

நீங்கள் சொல்லும் பரண் கோயிலைப் பாருங்கள். யான் ஹார்ட்மன் என்ற ஜெர்மன் பிறப்பு வணிகர் 1661-ல் கால்வாய்க்கரை வீடு ஒன்றையும் அதன் பின்னே ஒட்டியிருந்த இரண்டு வீடுகளையும் வாங்கினார். 1663-க்குள் மூன்று வீட்டின் மேல்மாடிகளையும் ஒன்றாக இணைத்துவிட்டார். இரண்டு மாடித் தளங்களின் நடுப்பகுதியை வெட்டி எடுத்தார். மிச்சமிருந்த ஓரங்கள் இரண்டு அடுக்கு மாடமாயின. அந்த மாடங்கள் கூரையிலிருந்து இரும்புக் கம்பிகளால் பிடிக்கப்பட்டு நிற்கின்றன. கீழே தூண் வைத்தால் இருக்கிற கொஞ்ச இடமும் போய்விடும். பீடத்தின் தூண்கள் மரம், பளிங்கு மாதிரி வண்ணம் தீட்டியவை. இடப்பக்கத் தூணின் அடிப்பெட்டியைத் திறந்தால் உள்ளேயிருந்து பிரசங்க மேடை வெளியே வரும். மறையுரை முடிந்ததும் உள்ளே தள்ளிவிடலாம். மறைப்பதற்காக அப்படிச் செய்தார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். பீடமே முழுசாகத் தெரிகிற இடத்தில் மேடையை ஒளித்து என்ன பயன்? இடம் போதாததுதான் காரணம் என்பது என் எண்ணம்.

இனி அனுமதி. ஸ்கவுட் என்ற காவல் அதிகாரிக்கு ஆண்டுதோறும் பணம் போகும். அங்கீகாரப் பணம் என்று அதற்குப் பெயரே இருந்தது. புதுக் குரு வந்தால் தனியாக ஒரு தொகை. இதில் எது கெடும் என்றால், அதிகாரி மாறும்போது கெடும். பழையவரிடம் பேசிய விலை புதியவரைக் கட்டுப்படுத்தாது. பேரம் படியும் வரை சோதனை, பூட்டு, அபராதம். அதனால் ஒரு சோதனையை மட்டும் வைத்து "துன்புறுத்தல் கூடியது" என்று முடிவுகட்டக் கூடாது. யார் அப்போது பதவிக்கு வந்தார் என்று பார்க்க வேண்டும்.

1691-ல் ஆம்ஸ்டர்டாம் நகர ஆட்சியாளர்கள் ஒரு பிரான்சிஸ்கன் குருவிடம் ஒப்புக்கொள்ளச் சொன்ன நிபந்தனைகள் இன்னும் தெளிவு. வாசல் பெரிய தெருப்பக்கம் இருக்கக் கூடாது, கால்வாய்ப் பக்கம் இருக்க வேண்டும். சறுக்கு வண்டிகள் தெருவில் காத்து நிற்கக் கூடாது. பூசை முடிந்து வருகிறவர்கள் ஒருவருக்கொருவர் காத்துக் கூட்டமாக நிற்கக் கூடாது. செபமாலையும் பூசைப் புத்தகமும் கையில் தெரியும்படி போகக் கூடாது. வாசலில் பிச்சைக்காரர்கள் கூடக் கூடாது. சீர்திருத்த சபையார் தங்கள் ஆராதனைக்குப் போய்வரும் நேரத்தோடு இடிக்காமல் பூசை நேரம் வைக்க வேண்டும்.

கவனியுங்கள், உள்ளே என்ன செய்யக் கூடாது என்று ஒரு வரி கூட இல்லை. எல்லாம் தெருவைப் பற்றியது.

பெயர்களும் அப்படியே. வெளியே புனிதர் பெயர் எழுத முடியாது. வீட்டில் மாட்டியிருந்த அடையாளப் பலகைதான் கோயிலின் பெயராயிற்று. கிளி, அஞ்சல் கொம்பு, சுண்ணாம்பு மலை. ஆம்ஸ்டர்டாமில் இன்றைக்கும் இயேசு சபைக் கோயிலைச் சுண்ணாம்பு மலை என்றுதான் அழைக்கிறார்கள். 1654-ல் வீட்டுக்கோயிலாகத் தொடங்கியது.

#6 அகல்விளக்கு

இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் ஆண்களைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். கல்வெட்டு ஐயா, குருவுக்குச் சோறு போட்டது யார் என்ற கேள்விக்கு விடையில் பாதி க்ளோப்பன்.

இவர்கள் கன்னியாஸ்திரீகள் அல்ல. மடங்கள் கலைக்கப்பட்டு, புது மடம் தொடங்க வழியில்லாத நாட்டில், ஆன்ம குருவின் முன் கற்பு வாக்கு மட்டும் கொடுத்துவிட்டு, வீட்டிலேயோ நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டிலேயோ வாழ்ந்த பெண்கள். கறுப்பு, எளிய உடுப்பு. ஏழ்மை வாக்கு கிடையாது. அதனால்தான் எல்லாம் நடந்தது. ஏழ்மை வாக்கு கொடுத்த துறவிக்குச் சொத்து இருக்காது. க்ளோப் சொத்துக்கு உரியவள், தகப்பன் வழிப் பங்கு அவள் கைக்கு வரும், உயில் எழுதலாம், வீடு வாங்கலாம். குரு பெயரில் வாங்கினால் பறிமுதல் ஆகக்கூடிய வீட்டை ஒரு பெண்ணின் பெயரில் வாங்கினால் சட்டப்படி அது அவளுடைய குடியிருப்பு. ரொவேனியஸே உட்ரெக்டில் ஒரு பிரபுக் குடும்பத்து க்ளோப்பின் வீட்டில்தான் மறைந்திருந்தார். 1640-ல் அவருக்கு நாடுகடத்தல் தீர்ப்பு வந்த பிறகும் அதே நகரில் தங்கி 1651-ல் இறந்தார்.

அவர்கள் செய்த வேலை: பீடத் துணி துவைத்தல், அப்பம் சுடுதல், பாட்டு, நோயாளி வீட்டுக்குப் போதல், பூசை எப்போது எங்கே என்ற செய்தியை வீடு வீடாகச் சொல்லுதல், எல்லாவற்றுக்கும் மேலே குழந்தைகளுக்கு ஞான உபதேசம். அரசு ஆணைகள் இவர்கள் பள்ளி நடத்துவதைத் திரும்பத் திரும்பத் தடை செய்கின்றன. மூன்றாம் முறை அதே தடை வந்தால் முதல் இரண்டு முறையும் பலிக்கவில்லை என்றுதானே பொருள்.

ஹார்லெமில் "மூலை" என்று அழைக்கப்பட்ட இடத்தில் ஒரு பெரிய சமூகம் இருந்தது. அதில் வாழ்ந்த திரைன் யான்ஸ் ஓலி, இருநூறுக்கும் மேற்பட்ட சகோதரிகளின் வாழ்க்கைக் குறிப்புகளை எழுதி வைத்தார். மிஞ்சிய ஆவணங்களில் இதைவிட விலைமதிப்பானது எனக்குத் தெரிந்து இல்லை.

சிக்கலும் உண்டு. ஒரு வீட்டில் குருவும் இளம் பெண்களும் என்றால் ஊர் பேசும். எதிர்த்தரப்புத் துண்டுப்பிரசுரங்கள் அதையே பிடித்துக்கொண்டன. திருச்சபைக்குள்ளேயும் அச்சம் இருந்தது. வீட்டின் சொந்தக்காரி ஒருத்தி, உள்ளே குரு ஒருவர் என்றால் யார் சொல் செல்லும்?

#7 மரக்கலம்

கல்யாணத்தை யாரும் தொடவில்லையே. 16-ம் நூற்றாண்டில் கத்தோலிக்கத் திருச்சபை கூட்டிய திரிதெந்தின் சங்கத்தின் சட்டப்படி பங்குக்குருவும் இரண்டு சாட்சியும் இல்லாவிட்டால் திருமணமே செல்லாது. பங்கே இல்லாத நாட்டில் பங்குக்குரு யார்?

#8 பீடக்கல்

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள்.

அரசு பக்கம்: ஹாலந்தில் 1580 சட்டப்படி திருமணம் சீர்திருத்த சபைப் போதகர் முன்போ நகர நீதிமான்கள் முன்போ நடக்க வேண்டும். கத்தோலிக்கர் பெரும்பாலும் நீதிமான்களிடம் போவார்கள். அது இல்லாவிட்டால் பிள்ளைக்கு வாரிசு உரிமை கிடையாது. திருச்சபை பக்கம்: அது மட்டும் போதாது, குருவின் முன் சம்மதம் சொல்ல வேண்டும். ஆக இரண்டு முறை. எதை முதலில் செய்வது என்பதிலும் ஆபத்து. குருவிடம் முதலில் செய்துவிட்டு அரசிடம் பதியாமல் விட்டால் சட்டப்படி வைப்பு வாழ்க்கை. அரசிடம் செய்துவிட்டுக் குரு வர மாதக்கணக்கில் ஆனால், அதுவரை மனச்சாட்சிப்படி கணவன் மனைவி அல்ல.

கலப்புத் திருமணம் இன்னும் மோசம். கத்தோலிக்கப் பெண், சீர்திருத்த சபைப் பையன், நீதிமான் முன் மட்டும் திருமணம். பத்து ஆண்டு வாழ்ந்து, மூன்று பிள்ளை. அது திருமணமா? குருக்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். பதினான்காம் பெனடிக்ட் 1741 நவம்பர் 4 அன்று வெளியிட்ட அறிவிப்பில்தான் விடை வந்தது. அந்த நாடுகளில் கத்தோலிக்கர் அல்லாதவர்களின் திருமணமும் கலப்புத் திருமணமும் திரிதெந்தின் முறை இல்லாமலே செல்லும். இரண்டு பேரும் கத்தோலிக்கர் என்றால் பழைய சட்டமே. ஒன்றரை நூற்றாண்டுக் குழப்பத்துக்குப் பிறகு!

திருமுழுக்கு எளிது. தண்ணீர் ஊற்றி, மூவொரு கடவுள் பெயரைச் சொல்லி யார் கொடுத்தாலும் செல்லும். போதகர் கொடுத்ததும் செல்லும்.

அடக்கம்: கல்லறை எல்லாம் சீர்திருத்த சபையின் கையில். பழைய கோயில் தரையிலோ முற்றத்திலோதான் புதைக்க வேண்டும், குரு அங்கே வர முடியாது. அதனால் செபம் எல்லாம் வீட்டிலேயே முடிந்துவிடும். குரு கொஞ்சம் மண்ணை அர்ச்சித்து, பெட்டியை மூடுவதற்கு முன் உள்ளே போடுவார். கல்லறையை அர்ச்சிக்க முடியாது, ஆகவே அர்ச்சித்த மண் இறந்தவரோடு போகும்.

#9 சில்லாலை

மண் விசயத்தை வாசித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. இதே ஒல்லாந்தர்தான் 1658-ல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தவர்கள். இங்கே அங்கீகாரப் பணம் கட்டி வீட்டுக்கோயில் நடத்த இடமே இல்லை. குருக்களை வெளியேற்றினார்கள், குருவுக்கு அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை என்று அறிவித்தார்கள். கோயில்கள் சீர்திருத்த சபையின் பள்ளிக்கூடங்களாயின. பிள்ளையின் பெயரைப் பள்ளித் தோம்பில் (பதிவேட்டில்) பதியாவிட்டால் காணி உரிமையில் தொல்லை. அதனால் சனம் அங்கே போய் ஞானஸ்நானமும் கலியாணமும் பதிந்துகொண்டு, வீட்டில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ 30 வருசம் குருவே இல்லை.

1687-ல் கோவாவிலிருந்து யோசே வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் வந்தார். சில்லாலையை நிலையாக வைத்து இரவில் பூசை. 1689 நத்தார் (கிறிஸ்துமஸ்) இரவில் நடந்த சுற்றிவளைப்பில் அவர் தப்பினார், சனம் பலர் பிடிபட்டனர்.

அமைப்பைக் கவனியுங்கள். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு மூப்பர், ஒரு அண்ணாவியார். மூப்பர் கோயில் உடைமையைப் பார்ப்பார், அவசர ஞானஸ்நானம் கொடுப்பார், ஞாயிறு செபத்துக்குச் சனத்தைக் கூட்டுவார். அண்ணாவியார் செபமும் பாட்டும் சொல்லிக் கொடுப்பார். குரு வருசத்துக்கு ஒருமுறை வந்தாலும் ஊர் நின்றது. அகல்விளக்கு அக்கா சொன்ன க்ளோப்பன் செய்த வேலையை இங்கே அண்ணாவியார் செய்தார். அங்கே சொத்துள்ள பெண், இங்கே ஊர்ப் பெரியவர்.

ஒரே அரசு, ஆம்ஸ்டர்டாமில் ஒரு முகம், யாழ்ப்பாணத்தில் வேறு முகம். ஏன் எண்டால், இங்கே கத்தோலிக்கன் எண்டால் போர்த்துக்கேயனின் ஆள் என்று ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி பயந்தது. குருமாரும் போர்த்துக்கேயரின் கோவாவிலிருந்துதான் வந்தார்கள்.

#10 கல்வெட்டு

சில்லாலை அவர்களுக்கு நன்றி. இந்த ஒப்பீடு முக்கியமானது, ஏனென்றால் ஒரு வேறுபாட்டையும் காட்டுகிறது. இலங்கையில் யோசே வாஸ் அடிகளாரின் குரு அமைப்பான கோவா ஓரட்டரி என்ற ஒரே குழு வேலை செய்தது. ஹாலந்தில் இரண்டு படை.

1592-ல் இயேசு சபையினர் வந்தார்கள். பிறகு பிரான்சிஸ்கன், டொமினிக்கன், அகுஸ்தீனியர். அவர்கள் பார்வையில் இது மறைபணித் தளம். பழைய திருச்சபை செத்துவிட்டது, ரோம் எங்களை அனுப்பியது, எங்கே ஆள் தேவையோ அங்கே போவோம். வோஸ்மேரும் ரொவேனியஸும் அவர்களுடைய மறைமாவட்டக் குருக்களும் சொன்னது: உட்ரெக்ட் திருச்சபை சாகவில்லை. உட்ரெக்டின் முதல் ஆயர் வில்லிப்ரார்ட் காலத்திலிருந்து அறுபடாமல் வருகிறது. வந்தவர்கள் எங்கள் அனுமதியோடுதான் வேலை செய்ய வேண்டும்.

இது வெறும் கௌரவச் சண்டை என்று நினைக்காதீர்கள். மரக்கலம் கேட்ட கேள்வியே இதைத் தொட்டு நிற்கிறது. மறைபணித் தளம் என்றால் பங்கு இல்லை. பங்கு இல்லையென்றால் பங்குக்குரு இல்லை, திருமணத்துக்கு யார் சாட்சி, உயிர்ப்புக் காலத்து நற்கருணையை யாரிடம் வாங்குவது, காணிக்கை யாருக்கு? பணக்காரக் குடும்பம் ஒன்று தனக்குப் பிடித்த துறவற சபைக் குருவை வைத்துக்கொள்ளும். பக்கத்துத் தெருவில் ஏழைகளோடு மறைமாவட்டக் குரு தனியாக நிற்பார். நகரத்தில் ஒரே தெருவில் இரண்டு குரு, மூன்று கல் தொலைவிலுள்ள கிராமத்தில் ஒருவரும் இல்லை.

ரொவேனியஸ் 1633-ல் ஒரு காரியம் செய்தார். உட்ரெக்டின் பழைய பேராலயக் குருக்குழாமின், அதாவது ஆயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையுள்ள பேராலயக் குருக்கள் குழுவின், இடங்களும் வருமானமும் சீர்திருத்த சபையார் கைக்குப் போய்க்கொண்டிருந்தன. பதிலாகத் தன் மூத்த குருக்களைக் கொண்டு விகாரியட் என்ற ஆலோசனைக் குழுவை அமைத்தார். அது பழைய குருக்குழாமின் தொடர்ச்சியா, அல்லது வெறும் ஆலோசனைக் குழுவா? அவர் காலத்தில் யாருக்கும் இந்தக் கேள்விக்கு விடை தேவைப்படவில்லை.

1702-ல் ரோம், ஜான்சனியச் சார்பு (அருளைப் பற்றி ரோம் கண்டித்த ஒரு கொள்கையின் பக்கம் சாய்தல்) என்ற குற்றச்சாட்டில் விகார் பேத்ருஸ் கொட்டேயை இடைநீக்கம் செய்து, 1704-ல் பதவி நீக்கியது. அப்போது விடை தேவைப்பட்டது. குருக்குழாம் என்றால் அதற்கு ஆயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு. 1723-ல் தேர்ந்தெடுத்தே விட்டார்கள், கொர்னேலியுஸ் ஸ்டீனோவன். அடுத்த ஆண்டு பாபிலோன் ஆயர் வார்லே அவரை அர்ச்சித்தார். ரோம் ஏற்கவில்லை. இன்றுவரை உட்ரெக்டில் இரண்டு பேராயர்கள், ரோமோடு நின்றவர்களுக்கு ஒருவர், பிரிந்தவர்களுக்கு ஒருவர்.

#2-ல் சொன்ன விதை இதுதான். "பிலிப்பி பேராயர்" என்று எழுதிய அன்றே உட்ரெக்ட் பீடம் உயிரோடிருக்கிறதா இல்லையா என்பதை எழுதாமல் விட்டார்கள்.

#11 அகல்விளக்கு

ஐயா, பிளவு பெரிய விஷயம்தான். ஆனால் கத்தோலிக்கரில் மிகப் பெரும்பாலோர் ரோமோடுதான் நின்றார்கள். அவர்களை நிறுத்தி வைத்ததில் ஏழை நிதிக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஏழைக் குடும்பத்தில் தாய் தகப்பன் இறந்தால் பிள்ளை நகர அநாதை இல்லத்துக்குப் போகும், அங்கே சீர்திருத்த சபையில் வளரும். குளிர்காலத்தில் ரொட்டியும் எரிக்கக் கரிமண் கட்டியும் சீர்திருத்த சபையின் உதவிக்குழு கொடுத்தால் ஞாயிறன்று அங்கே முகம் காட்ட வேண்டும். பூசை எத்தனை ஒழுங்காக நடந்தாலும் இந்த ஓட்டை அடைபடாவிட்டால் இரண்டு தலைமுறையில் ஏழைகள் போய்விடுவார்கள். ஆம்ஸ்டர்டாமில் 1570 வாக்கில் தொடங்கிய கத்தோலிக்கப் பெண் அநாதை இல்லம் ஆட்சி மாறிய பிறகும் தாக்குப்பிடித்தது இதனால்தான் அவ்வளவு முக்கியம். பணக்காரக் கத்தோலிக்கர் உயிலில் பீடத்துக்கு வெள்ளி விளக்கு வைத்ததைப் பலரும் எழுதுகிறார்கள். ஏழை நிதிக்கு வைத்ததை எழுதுகிறவர் குறைவு.

#12 வடகடல்

நான் கேட்டதைவிட அதிகம் கிடைத்தது. கடைசிக் கட்டத்தை நான் சேர்க்கிறேன்.

1730-ல் ஹாலந்து மாநில அவை, மறைமாவட்டக் குருக்கள் பதிவு செய்துகொண்டு பணிபுரியலாம் என்று ஒழுங்கு செய்தது. 1796-ல் சமயத்தையும் அரசையும் பிரித்த ஆணை வந்தது. அதன்பின் பணம் கட்டித் திறக்க வேண்டிய கதவு இல்லை. ஆனால் ஆயர்கள் 1853 மார்ச் 4-ல்தான் வந்தார்கள். ஒன்பதாம் பயஸ் உட்ரெக்ட், ஹார்லெம், ஹெர்தோகென்பாஸ், பிரேடா, ரூர்மொண்ட் என்று ஐந்து மறைமாவட்டம் அறிவித்தார். பழைய பெயர் உட்ரெக்டையே பேராயர் பீடமாக்கியது நாட்டைக் கொதிக்க வைத்தது. ஏப்ரலில் மனுக்கள் குவிந்தன, தோர்பெக்கெயின் அமைச்சரவை விழுந்தது. செப்டம்பர் 10-ல் வந்த சட்டம் கோயில் மணி அடிப்பதையும் கோயிலுக்கு வெளியே திருவுடையில் நடமாடுவதையும் கட்டுப்படுத்தியது. 1691 நிபந்தனைகளை நினைத்துப் பாருங்கள், மறுபடியும் தெருதான்.

தெருவில் சமயப் பவனிக்கும் தடை இருந்தது, அதற்கு ஆம்ஸ்டர்டாம்காரர்கள் செய்தது எனக்கு மிகவும் பிடிக்கும். 1345-ல் நடந்ததாகச் சொல்லும் நற்கருணைப் புதுமையின் (அற்புதத்தின்) பழைய பவனிப் பாதையில் 1881 முதல் நடக்கிறார்கள். கொடி இல்லை, பாட்டு இல்லை, வத்தி இல்லை, திருவுடை இல்லை. இரவில் பேசாமல் நடப்பது மட்டும். எந்தச் சட்டமும் அதைப் பவனி என்று சொல்ல முடியாது.

#13 மரக்கலம்

கடைசியாக ஒன்று. பழைய கோயில்களில் ஒன்றாவது நடுவில் திரும்பக் கிடைத்ததா?

#14 கல்வெட்டு

கிடைத்தது, உட்ரெக்ட் பேராலயமே. 1672-ல் பதினான்காம் லூயியின் படை நகரத்தைப் பிடித்தது. ஜூலையில் பேராலயத்தைத் திரும்ப அர்ச்சித்தார்கள். விகார் யோஹான்னஸ் ஃபன் நேர்கசெல் அங்கே பெரும்பூசை நிறைவேற்றினார். 92 ஆண்டுக்குப் பிறகு. 1673 நவம்பரில் பிரெஞ்சுப் படை விலகியது, கட்டடமும் கைமாறியது, நேர்கசெல் நகரத்தை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. எதிரிப் படையின் தயவில் கோயிலைத் திரும்பப் பெற்றது, "கத்தோலிக்கர் நாட்டுக்கு விசுவாசமற்றவர்கள்" என்ற பழைய பழிக்கு ஆதாரம் கொடுத்தது போலாயிற்று. வீட்டுக்கோயில்கள் தம் பாட்டில் நடந்தன.

1674 ஆகஸ்ட் 1 அன்று அடித்த சூறாவளியில் பேராலயத்தின் நடுக்கூடம் சரிந்தது. திரும்பக் கட்டவில்லை. இன்றைக்கும் கோபுரம் ஒரு பக்கம், பீடப்பகுதி எதிர்ப்பக்கம், நடுவில் வெட்டவெளி. தரையில் பழைய தூண்கள் நின்ற இடத்தை வேறு நிறக் கல்லால் குறித்திருக்கிறார்கள்.